பம்ப்ளிமாஸ் மரத்தில் சிவப்பு நூல்

ஆஸ்பத்திரி அடுப்படிக்குப் புதிதாக வந்திருக்கிற பிள்ளைகளே, உங்களுக்குத் தலையில் வலைத்தொப்பி இருக்கிறது, கையில் உறை இருக்கிறது. படித்துவிட்டுச் சமைக்க வந்திருக்கிறீர்கள். நல்லது. செங்கல்பட்டில் ஒரு ஆஸ்பத்திரிக்குள் நான் கரண்டி பிடிக்கப் போனபோது எனக்கு இருந்தது ஒரு கொண்டையும் ஒரு வாயும்தான். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன், இப்போதும் அப்படித்தான். ஆனால் நான் போட்ட கஞ்சியைக் குடித்துச் செத்தவன் ஒருத்தனும் கிடையாது. ருசி தாங்காமல் சீக்கிரம் வீட்டுக்கு ஓடினவர்கள் உண்டு. அதையும் வைத்தியத்தில்தான் சேர்க்கவேண்டும்.

எங்கள் காலத்தில் கேரியரில் சீட்டு ஒட்டமாட்டோம். ஒட்டினாலும் படிக்க ஆள் வேண்டுமே. கேரியர் காதில் நூல் கட்டுவோம். சர்க்கரைக்காரருக்கு நீலம், வயிற்றுக்காரருக்கு வெள்ளை, நெஞ்சுக்காரருக்குச் சிவப்பு. சிவப்பு நூல் கேரியரில் எண்ணெய் கண்ணுக்குத் தெரியக்கூடாது, உப்பு நாக்குக்குத் தெரியக்கூடாது. அவ்வளவுதான் சட்டம். அந்தச் சிவப்பு நூல்காரர்களில் பாதிப் பேருக்கு ராத்திரியில் ஒரு கொழுப்பு மாத்திரை உண்டு. மாத்திரை டாக்டர் பாடு, சாப்பாடு நம் பாடு என்று நாங்கள் இருந்தோம். டாக்டர் வாசல் ஒரு பக்கம், அடுப்படி வாசல் ஒரு பக்கம், நடுவில் ஒரு சந்து. அந்தச் சந்தை யார் பெருக்குவது என்று யாரும் சொல்லவில்லை. குப்பையெல்லாம் அங்கேதான் சேரும்.

முதலில் சின்னக் குப்பையைச் சொல்லிவிடுகிறேன்.

கடப்பாக்கத்திலிருந்து ஒரு படகுக்காரரை ஒருநாள் ஷேர் ஆட்டோவில் போட்டுத் தூக்கி வந்தார்கள். முகம், கழுத்து, மார்பு எல்லாம் வேகவைத்த இறால் மாதிரி சிவந்திருந்தது. உடம்பெல்லாம் மிளகாய் அரைத்துப் பூசினது போல எரிகிறது என்று கத்துகிறார். அவர் பெண்சாதி கையில் வேப்பிலைக் கொத்து. பக்கத்து வீட்டுக்காரி செய்வினை வைத்துவிட்டாள் என்று அந்த அம்மாள் வழியெல்லாம் சாபம் விட்டுக்கொண்டே வந்திருக்கிறாள்.

செய்வினையும் இல்லை, ஒன்றும் இல்லை. கொழுப்புக்கென்று கொடுக்கிற மாத்திரையில் ஒரு வகை உடம்பைச் சூடேற்றிச் சிவக்க வைக்குமாம். சோறு தின்றபிறகு, ஆறின தண்ணீரில் விழுங்கியிருந்தால் இவ்வளவு ஆட்டம் இருக்காது. இவர் கடலுக்குப் போகிற அவசரத்தில் வெறும் வயிற்றில், கொதிக்கக் கொதிக்க டீயோடு இறக்கியிருக்கிறார். டாக்டர் இதைச் சொன்னதும் அவருக்கு உயிர் வந்தது. கேட்டாரே ஒரு கேள்வி.

"அப்ப டீ வேணாம். சரக்கோட போட்டுக்கலாமா டாக்டரு?"

"போடுங்க. இன்னும் நல்லா எரியும்."

பெண்சாதி அந்த வேப்பிலையாலேயே அவர் முதுகில் ஒன்று வைத்தாள். அன்றைக்குச் சிரித்துவிட்டு விட்டுவிட்டோம். யோசித்திருக்க வேண்டும். மாத்திரை ஒன்றுதான். அது வாய்க்குள் யாரோடு கைகோத்துக்கொண்டு போகிறது என்பதில்தான் விஷயம்.

இப்போது பெரிய கதைக்கு வருகிறேன்.

ஏகாம்பரம் என்று ஒரு கறிக்கடைக்காரர். செங்கல்பட்டில் மார்க்கெட் பக்கம் கடை. ஊருக்கெல்லாம் கொழுப்பு விற்றவர், கடைசியில் அவர் ரத்தத்திலேயே கடை போட்டுவிட்டது. ஒருநாள் கடையிலேயே, கத்தியும் கையுமாக நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். எங்கள் ஆஸ்பத்திரியில்தான் பிழைத்தார். அடைப்பு இருக்கிறது, இந்தக் கொழுப்பு மாத்திரையை விடாமல் ராத்திரி ராத்திரி சாப்பிடவேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். மனுஷன் சொன்னதைக் கேட்டார். கறி விட்டார், பீடி விட்டார், கடையை மகனிடம் விட்டார். மாத்திரையை மட்டும் விடவில்லை.

சில மாதம் கழித்து மறுபடி வந்தார், நடந்து அல்ல. இரண்டு பேர் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கி வந்தார்கள். தொடையில் வலி, ஆடுசதையில் வலி, உட்கார்ந்தால் எழ முடியவில்லை. முழு ஆட்டைத் தோளில் போட்டுக்கொண்டு படி ஏறின ஆள், எங்கள் பெஞ்சிலிருந்து எழ நர்ஸ் பெண்ணின் கையைப் பிடிக்கிறார். ஒன்றுக்குப் போனால் கடுங்காப்பி நிறம்.

அப்போது எங்கள் ஆஸ்பத்திரிக்கு ஒரு சின்ன டாக்டரம்மா புதிதாக வந்திருந்தார்கள். தெற்கத்திப் பக்கம். கண்ணாடிக்குள்ளே எப்போதும் தூக்கமில்லாத கண். அவர்கள்தான் பார்த்தார்கள். ரத்தத்தை எடுத்துப் பரிசோதித்துவிட்டு, சதை கரைந்து மூத்திரத்தில் போகிறது, இது கிட்னியை அடைத்துவிடும் என்றார்கள். கொழுப்பு மாத்திரை சில பேருக்கு இப்படிச் செய்யுமாம். உடனே மாத்திரையை நிறுத்தி, பாட்டில் பாட்டிலாக ஏற்றினார்கள். ஏகாம்பரத்தின் மகனையும் அக்காவையும் கூப்பிட்டு நன்றாகவே விசாரித்தார்கள், நான் காதால் கேட்டேன்.

"வேற மருந்து எதாவது? நாட்டு மருந்து, லேகியம், பொடி?"

"ஒண்ணும் கெடையாதும்மா."

"சாப்பாடு?"

"இங்க குடுக்கற கஞ்சி தாம்மா. வூட்ல கூட கஞ்சி, கீரை. வேற ஒரு பருக்கை இல்ல."

அவர்கள் பொய் சொல்லவில்லை. அதை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். அந்த அக்கா தெய்வானை, திருவிடந்தைக்காரி. புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. தம்பியை இடுப்பில் வைத்து வளர்த்தவள். அவள் வீட்டுக் கிணற்றடியில் ஒரு பம்ப்ளிமாஸ் மரம், தேங்காய் பருமனுக்குப் புளிப்புப் பழமாகக் காய்த்துக் கொட்டும். ஒயர் கூடையில் பழத்தைப் போட்டுக்கொண்டு, மாமல்லபுரம் வந்து அங்கே வேறு பஸ் மாறி, நின்றுகொண்டே செங்கல்பட்டுக்கு வருவாள். அவளைக் கேட்டால் பழம் சாப்பாட்டில் சேராது. மருந்திலும் சேராது. பழம் பழம்தான்.

ஆனால் ஏகாம்பரத்துக்கு அது வெறும் பழம் இல்லை. அவர் கணக்கே தனி. கறிக்கடையில் கடை மூடும்போது வெட்டுக்கட்டையையும் கத்தியையும் புளி போட்டுத் தேய்ப்பார்கள். கையில் ஒட்டின கொழுப்புக்கு எலுமிச்சை மூடி. சோப்புக்குப் போகாத பிசுக்கு புளிப்புக்குப் போகும். காலமெல்லாம் கண்ணால் பார்த்த சங்கதி. கையில் இருக்கிற கொழுப்பை அறுக்கிற புளிப்பு ரத்தத்தில் இருக்கிற கொழுப்பை அறுக்காதா? அதனால் ராத்திரி மாத்திரையை வாயில் போட்டு, மேலே நாலைந்து பம்ப்ளிமாஸ் சுளையைப் பிய்த்துப் போட்டு மென்றிருக்கிறார். தினமும்.

"மாத்திர ஒரு பக்கம் இழுக்கும், புளிப்பு ஒரு பக்கம் தள்ளும். கொழுப்பு எங்க போய் ஒளியும் சொல்லு," என்பார்.

எங்களிடம்தான் சொல்வார், முதல் தடவை படுத்திருந்தபோதே. ஏனென்றால் பழம் உரிக்கிறது எங்கள் அடுப்படியில். அந்தத் தோலை உரித்தவர்களுக்குத் தெரியும், மெத்தை மாதிரி இருக்கும். நகம் பெயர்ந்துவிடும். வெளிச்சாப்பாடு வார்டுக்குள் வரக்கூடாது என்று வாசலில் போர்டு தொங்கியது. ஆனால் எங்கள் சமையல் மேனேஜருக்கு ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை ஏகாம்பரம் கடையிலிருந்து ஈரலும் நெஞ்செலும்பும் போய்க்கொண்டிருந்தது. ஈரல் தின்ற கண்ணுக்கு போர்டு தெரியாது. "உரிச்சுக் குடு பச்சம்மா, நோயாளி ஆசைப்படறாரு" என்பார் என்னிடம். உரித்துக் கொடுத்தோம். மீந்த சுளையில் பெரிய பங்கு மேனேஜருக்குப் போகும்.

மாத்திரை நின்று கொஞ்சநாளில் ஏகாம்பரத்தின் மூத்திரம் நிறம் தெளிந்தது. அக்காவுக்கும் தம்பிக்கும் ஒரே கொண்டாட்டம்.

"பாத்தியா பச்சம்மா, அந்த மாத்திர வெசம். பழந்தான் என் தம்பிய காப்பாத்துச்சு," என்றாள் தெய்வானை.

"இனிமே எவன் சொன்னாலும் அந்த மாத்திரைய தொட மாட்டேன்," என்றார் இவர். "யமன் வந்து வாயத் தொறன்னாலும் தொறக்க மாட்டேன்."

அன்றைக்குக் காலையில் நர்சுகளுக்குக் கஞ்சி கொண்டுபோனேன். சின்ன டாக்டரம்மா வராந்தாவில் பெரிய நர்சிடம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"குடுத்தா காலும் கிட்னியும் போகுது. குடுக்கலன்னா இந்த ஆளுக்கு இருக்கற அடைப்புக்கு இன்னொரு அட்டாக் நிச்சயம் சிஸ்டர். அது வந்தா தாங்கமாட்டாரு. இவ்வளவு சின்ன அளவுக்கு ஏன் இப்படி ஆச்சுன்னே எனக்குப் புரியல. இந்த வகை மாத்திரையே இவருக்கு ஆகாதுன்னு எழுதிடறேன், வேற வழியில்ல."

எனக்கு என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது. பழத்துக்கும் மாத்திரைக்கும் பகை என்று எனக்கு யார் சொன்னார்கள்? சத்தியமாக அன்றைக்கு அந்தப் பழம் என் நினைவிலேயே வரவில்லை. நினைவுக்குக் கொண்டுவந்தது ஒரு மாடு.

அடுப்படிக் கழிவை எடுக்க கோவிந்து என்று ஒரு பால்காரன் வருவான். தொட்டியைத் தூக்கிப்போய் மாட்டுக்கு வைப்பான். அன்றைக்கு வந்தவன் தொட்டியைத் தூக்காமல் இடுப்பில் கைவைத்து நின்றான்.

"யக்கா, இன்னா இது, தொட்டி பூரா தோலா கீது. மாடு மோந்து பாத்துட்டு என்ன பாத்து மொறைக்குது. யாரு இத்தினி பம்ப்ளிமாஸ் துன்னுகினு கீறாங்க? ஆஸ்பத்திரியா, கொரங்கு தோப்பா?"

எட்டிப் பார்த்தேன். தொட்டி பூராவும் அதுதான். தினமும் ஒன்று இரண்டாகப் பார்க்கிறபோது தெரியாதது, மொத்தமாகப் பார்த்தபோது தெரிந்தது. வேற ஒரு பருக்கை இல்லை என்றார்களே, இது என்ன? டாக்டரம்மா தலையைப் பிய்த்துக்கொண்டு நிற்கிறார்கள். அவர்கள் எழுதிவைத்த தாளில் கஞ்சி இருக்கிறது, கீரை இருக்கிறது. இந்தத் தொட்டி இல்லை. இதனால் ஆகுமா ஆகாதா என்பது என் வேலை இல்லை. இருக்கிறது என்று சொல்வது என் வேலை.

மேனேஜர் வழியில் நின்றார். விஷயத்தைச் சொன்னேன். முகம் சுருங்கிவிட்டது.

"பழம் துன்னா எவனாவது கெட்டுப்போவானா? நீ போய் சொன்னா வெளிச்சாப்பாட்ட யாரு வுட்டதுன்னு கேப்பாங்க. உன் வேல போவும், என் வேலயும் போவும். வாய மூடிக்கினு ரசத்தப் பாரு."

"ரசம் கொதிச்சிடுச்சு சார்."

"எறக்கி வை."

"எறக்கி வெச்சாச்சு சார். அதான் போறேன்."

சும்மா போய்ச் சொன்னால் அடுப்படி ஆயா உளறுகிறாள் என்பார்கள். அதனால் தொட்டியையே தூக்கிக்கொண்டேன். கோவிந்து ஒரு பக்கம் காதைப் பிடித்தான். படி ஏறி, டாக்டரம்மா அறைக்குள் அவர்கள் மேசைக்கு முன்னால் இறக்கிவைத்தேன். உள்ளே உட்கார்ந்திருந்த மருந்துக் கம்பெனி ஆள் டையைத் தூக்கி மூக்கில் வைத்துக்கொண்டார்.

"என்னம்மா இது?"

"ஏகாம்பரம் ஒண்ணும் துன்னறதில்லன்னு எழுதினீங்களே, அது."

டாக்டரம்மா குனிந்து பார்த்தார்கள். ஒரு தோலைக் கையில் எடுத்து முகர்ந்தார்கள். அப்புறம் என்னைக் கேட்ட கேள்விகள் எல்லாம் சின்னச் சின்னதாக வந்தன. எப்போதிலிருந்து? வீட்டிலுமா? எவ்வளவு? எந்த நேரம்? மாத்திரையோடேயேவா? எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். தெரியாததைத் தெரியாது என்றேன். மருந்துக் கம்பெனி ஆளை வெளியே அனுப்பிவிட்டு ஒரு தடிப் புத்தகத்தை இறக்கிப் புரட்டினார்கள். சென்னையில் அவர்களுக்குப் பாடம் சொன்ன பெரிய டாக்டருக்குப் போன் போட்டார்கள். நான் போகலாமா என்று கேட்டேன், உட்காருங்கள் என்றார்கள். அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்தது அன்றைக்குத்தான். சக்கரம் வைத்தது. நன்றாகச் சுற்றும்.

போனை வைத்துவிட்டுச் சொன்னார்கள்: "வெளிநாட்டுல இதே குடும்பத்துப் பழம் ஒண்ணு இருக்கும்மா. அதுக்கும் இவர் சாப்பிடற மாத்திரைக்கும் ஆகவே ஆகாது. அதத்தான் புத்தகத்துல எழுதியிருக்காங்க. பம்ப்ளிமாஸ் பத்தி இதுல விவரமா இல்ல. ஆனா அதே வேலைய இதுவும் செய்யும்னுதான் எங்க சாரும் சொல்றாரு. நான் பழத்தப் பத்திக் கேட்கவே இல்லியே."

"நீங்க கேட்டீங்கம்மா. அவங்க கணக்குல பழம் சாப்பாடு இல்ல."

அப்போதுதான் கதவருகே மேனேஜர் நிற்பதைப் பார்த்தேன். என்னைத் திட்டத்தான் பின்னாலேயே வந்திருக்கிறார். திட்டவில்லை. ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் தன் ஆடுசதையை அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"டாக்டரம்மா, எனக்குங்கூட ராத்திரிக்கு ஒண்ணு எழுதிக் குடுத்தீங்களே, சின்னதா, வெள்ளையா..."

"அதே மாத்திரைதான். நீங்க பழம் சாப்டீங்களா?"

மனுஷன் என்னைப் பார்த்தார். நான் தொட்டியைப் பார்த்தேன். அன்றைக்கே அவருக்கும் ரத்தம் எடுத்தார்கள். ஒன்றும் ஆகவில்லை, தப்பித்தார். ஆனால் வெகுநாள் வரைக்கும் படி ஏறும்போது நின்று நின்று காலைத் தடவிப் பார்த்துக்கொள்வார். எனக்கு அது பார்க்க நன்றாக இருக்கும்.

இனி ஏகாம்பரம். டாக்டரம்மா அவர் கட்டிலில் உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னார்கள். நானும் நின்றேன். அவர் முதலில் சிரித்தார்.

"புளிப்பு பிசுக்க அறுக்கும். என் கையே சாட்சி."

"கையில அறுக்கும். உள்ள வேற கதை. உங்க குடல்ல ஒரு வேலைக்காரன் இருக்கான்னு வெச்சுக்குங்க. மாத்திரை உள்ள வந்ததும் அதுல பெரும்பங்க வெட்டி வீசிடுவான். மிச்சம் கொஞ்சந்தான் ரத்தத்துக்குப் போகும். அவன் வெட்டறதயும் சேத்துக் கணக்குப் போட்டுத்தான் மாத்திரைக்கு அளவு வெச்சிருக்காங்க. இந்தப் பழம் அவன் கையக் கட்டிப்போட்டுடுது. மாத்திரை வெட்டுப்படாம மொத்தமா உள்ள இறங்குது. ஒரு நாள் இல்ல, தினமும்."

ஏகாம்பரம் விரல் மடக்கி எதையோ கணக்குப் பார்த்தார்.

"டாக்டரம்மா, ஆட்ட உயிரோட எடை போட்டு வாங்குவோம். தலை, தோலு, குடலு, சாணி எல்லாம் போனாத்தான் கறி. போற கழிவ மனசுல வெச்சித்தான் வெல பேசுவோம். நான் இன்னா பண்ணிகினு இருந்தேன்னா, கழிவே போவாத முழு ஆட்ட இலையில வெச்சி துன்னுகினு இருந்தேன். அப்பிடித்தான?"

"அப்படியேதான்."

"கொழுப்பு கரையறதுக்கு பதிலா என் கறி கரைஞ்சுது."

"ஆமாங்க."

"கறிக்கடைக்காரனுக்கு நல்ல சாவு பாத்து வெச்சிருந்தேன்."

டாக்டரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு மேலே சொன்னார்கள். உடம்பு தேறினபிறகு, இந்தப் பழத்தோடு சண்டை போடாத வேறொரு மாத்திரையைச் சின்ன அளவில் தொடங்கி, ரத்தத்தைப் பார்த்துப் பார்த்துக் கொடுக்கலாம். அப்படியும் எதற்கு வம்பு, பழத்தை விட்டுவிட வேண்டும். மாத்திரை இல்லாமல் மட்டும் இருக்கக்கூடாது. இதோடு கதை முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். அவர் தலையை ஆட்டவில்லை.

"எனக்கு மாத்திர வேணாம்."

"இவ்வளவு சொன்னேனே?"

"புரியுது. புரிஞ்சிதான் சொல்றேன். மாத்திர ஆரமிச்சா அக்கா ஏன்னு கேக்கும். பழத்த நிறுத்தினா ஏன்னு கேக்கும். அது பஸ்சுல நின்னுகினு தூக்கியாந்து குடுத்தது என் கால ஒடிச்சிதுன்னு அதுகிட்ட எவன் சொல்றது? மாத்திரதான் வெசம்னு அது நெனச்சிகினு இருக்கட்டும். பழத்த வாங்கி நான் மாட்டுக்குப் போட்டுடறேன்."

"மாடு துன்னாதுய்யா," என்றேன். "கேட்டுட்டேன்."

அவர் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார். டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்கள். படித்த படிப்பெல்லாம் அந்தச் சுவரில் போய் முட்டிக்கொண்டு நின்றது. கிட்னி தப்பித்தாயிற்று, கால் தேறிவருகிறது. இனி அக்கா மனசு நோகக்கூடாது என்று இந்த ஆள் நெஞ்சை விட்டுக்கொடுக்கப் போகிறார்.

நான் கீழே இறங்கிவிட்டேன். தெய்வானை வருகிற பஸ் நேரம்.

இந்த இடத்தில் உங்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். நோயாளி வேண்டாம் என்றதை நீ எப்படிச் சொன்னாய் என்று கேட்பீர்கள். இன்றைக்கு உங்களுக்கு அதற்கெல்லாம் சட்டம் இருக்கலாம், கேட்டுக்கொண்டு செய்யுங்கள். எனக்கு அன்றைக்கு யோசிக்க நேரமில்லை. இரண்டைத்தான் எடை போட்டேன். அவள் அழுவாள், அல்லது இவர் சாவார். அழுகிறவளுக்குத் தண்ணீர் கொடுக்கலாம்.

தெய்வானை ஆஸ்பத்திரி கேட்டுக்குள் வந்தாள். கூடை அவளை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டிருந்தது.

"தெய்வான, கூடைய கீழ வையி. ஒண்ணு சொல்லணும்."

"வெக்க மாட்டேன், சொல்லு. தம்பிக்கி இன்னா?"

"தம்பி நல்லா கீறாரு. மொதல்ல வையி."

வைத்தாள். சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை. குழம்பு கரிந்துபோனால் கரிந்தது என்று சொல்லிவிடுகிற மாதிரி சொன்னேன். அவள் அடிபம்புத் திட்டில் உட்கார்ந்துவிட்டாள். கூடையைக் காலால் கொஞ்சம் தள்ளிவைத்தாள், பாம்பைத் தள்ளுகிற மாதிரி.

"அப்ப அவன் கால் வுழுந்தது என் கையாலயா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். வாய்வரைக்கும் வந்தது.

"பாதி உன் கையி, பாதி டாக்டர் கையி. ரெண்டு பேரும் நல்லதுதான் குடுத்தீங்க. ஒருத்தர் குடுத்தது ஒருத்தருக்குத் தெரியல. ஒரே கொழம்புக்கு நீயும் உப்பு போட்ட, அவங்களும் உப்பு போட்டாங்க. உப்பு மேல குத்தமா, கையி மேல குத்தமா? போட்டேன்னு ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கல, அதான்."

அழுதாள். தண்ணீர் கொடுத்தேன், குடித்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"இத்த ஏன் அவன் சொல்லல? நீ ஏன் சொல்ற?"

"நீ நொந்துபோவன்னு மாத்திரையே வேணாம்னு சொல்லிகினு படுத்துகினு கீறாரு."

அவ்வளவுதான். எழுந்தாள் பாருங்கள். அழுத கண்ணே தெரியவில்லை. படியில் அவளுக்குப் பின்னால் ஓட எனக்கு மூச்சு வாங்கியது. வார்டில் எல்லாரும் திரும்பிப் பார்க்கிறார்கள்.

"ஏண்டா, நான் இன்னா வெல்லமா, கரைஞ்சு போவ? உன்ன இடுப்புல வெச்சிகினு நான் பாக்காததா? எனக்காக நீ சாவறியா? நீ செத்தா அந்தப் பழத்த நான் யாருக்குடா தூக்கியாறது? மரியாதையா அந்த மாத்திரைய துன்னு."

"டாக்டரு இன்னும் குடுக்கலயே யக்கா."

"குடுக்கும்போது துன்னு."

"சரி யக்கா."

அடுத்த கட்டில்காரர் தனக்குச் சொன்னதாக நினைத்துக்கொண்டு கைக்குக் கிடைத்த மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டார். நர்ஸ் ஓடினாள்.

சில வாரத்தில் ஏகாம்பரம் தானே எழுந்து நடந்தார். அப்புறம் வேறு மாத்திரை தொடங்கினார்கள். கால் வலிக்கவில்லை. ஆஸ்பத்திரியில் அதற்கப்புறம் பழக்கம் ஒன்று வந்தது. சிவப்பு நூல் கேரியர் கொடுக்கப்போகிற நாங்களும் கேட்போம், நர்சுகளும் கேட்பார்கள். என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்கமாட்டோம். அப்படிக் கேட்டால் எல்லாரும் கஞ்சி என்பார்கள். யார் வந்தார்கள், கூடையில் என்ன கொண்டுவந்தார்கள், மாத்திரையை எதை வைத்து விழுங்கினீர்கள், இப்படித்தான் கேட்கவேண்டும். பதில் வந்தால் அதைத் தூக்கிக்கொண்டு போய் டாக்டரிடம் போடவேண்டும். நம்மால் ஆகாத வைத்தியத்தை நாம் பண்ணவேண்டாம். மாத்திரையை நிறுத்து, பழத்தை நிறுத்து என்று நீங்களாக நாட்டாமை பண்ணினால் என் வாயில் விழுவீர்கள்.

டிஸ்சார்ஜ் ஆகிற அன்று தெய்வானை அடுப்படிக்கு வந்தாள். கேரியரில் கட்டியிருந்த சிவப்பு நூலைத் தொட்டுப் பார்த்து, இது என்னத்துக்கு என்று கேட்டாள். இது கட்டியிருந்தால் நெஞ்சுக்காரர் சமாச்சாரம், பார்த்துக் கொடு என்று அர்த்தம் என்றேன். ஒரு நூல்கண்டு கேட்டு வாங்கி இடுப்பில் சொருகிக்கொண்டு போனாள்.

கொஞ்ச காலம் கழித்துத் திருவிடந்தைக் கோயிலுக்குப் போனவள், தெய்வானை வீட்டையும் பார்த்துவிட்டு வரலாம் என்று போனேன். தெருமுனையிலேயே கற்பூர வாசனை. கிணற்றடியில் கூட்டம். பம்ப்ளிமாஸ் மரத்தைச் சுற்றிச் சிவப்பு நூல் வரிவரியாக, அடியில் மஞ்சள், குங்குமம், யாரோ வைத்த வாழைப்பழம். நெஞ்சுக்காரர் பார்த்துத் தின்னவேண்டிய மரம் என்று அவள் அடையாளத்துக்குக் கட்டியிருக்கிறாள். இரண்டு மூன்று வெள்ளிக்கிழமைக்குள் ஊர் அதைச் சாமியாக்கிவிட்டது. மாமல்லபுரத்துக்கு வருகிற டூரிஸ்ட் வேனெல்லாம் திரும்பி வந்து நிற்கிறதாம்.

கூட்டத்துக்கு வெளியே, செருப்பைக் கழற்றிவிட்டு, கைகட்டித் தள்ளி நின்றுகொண்டிருந்தார் ஏகாம்பரம். கன்னத்தில் சதை வைத்திருந்தது.

"இன்னா அண்ணாத்த, தள்ளி நிக்கிற? கிட்ட போய் வரம் கேக்கலியா?"

"தள்ளி நிக்கிறதுதான் எனக்கு வரம் பச்சம்மா."

மரத்தடியில் தட்டும் கையுமாக ஒரு குண்டு மனுஷர் பழத்தைப் பறிக்கக் கையை நீட்டினார். தெய்வானை கிணற்று மேடையிலிருந்து அதட்டினாள்.

"ஏய், கைய எடு. மொதல்ல சொல்லு. ராத்திரியில கொழுப்பு மாத்திர துன்றியா?"

அந்த ஆள் தட்டைக் கீழே வைத்துவிட்டார்.

"ஆமா தாயே. யாருக்கும் தெரியாதே, உனக்கு எப்பிடித் தெரிஞ்சிது?" என்று அவள் காலிலேயே விழுந்துவிட்டார்.

தெய்வானை காலை இழுத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"இன்னா பண்றது பச்சம்மா," என்றாள். "கேட்டா சொல்றாங்க."